இடப்பக்கம்

முதலில் அரை அங்குலம்தான் திரும்பியது.
தலையணை சரியில்லை என்றோம்.
ஆடி முடிவதற்குள் மோவாய்
இடது தோளைத் தொட்டுவிட்டது.

கம்பத்தில் ஏறி ஒயரைப் பார்க்கப் போனால்
பக்கத்து மாடித் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது என்றாய்.
ஜே.இ. உன்னை இறக்கி
ஃப்யூஸ் போன புகார் எழுதும் நோட்டின் முன் உட்காரவைத்தார்.
நோட்டை இடது முழங்கைக்கு நகர்த்தி எழுதினாய்.

வியாசர்பாடியில் ஆளுக்கொரு வைத்தியம்.
கல்மண்டபத்துக்காரி எலுமிச்சம்பழம் அறுத்து,
ஷாக்கடித்துச் செத்த எவனோ கூப்பிடுகிறான்,
அதான் திரும்பிப் பார்க்கிறான் என்றாள்.
அன்று இரவு நீ கணக்கெடுத்தாய்.
முனுசாமி, தாவூத், ஒப்பந்தக்காரப் பையன்கள் இரண்டு பேர்...
"எவனும் என் இடப்பக்கம் நின்னு வேலை செஞ்சவன் இல்லடி."

நான் இடம் மாறினேன்.
சோற்றுக்கு, பஸ்ஸுக்கு, படுக்கைக்கு,
எல்லாவற்றுக்கும் உன் இடப்பக்கம்.
சாமி அம்மைக்குப் பாதி உடம்பைக் கொடுத்தார்.
எனக்கு உன் கழுத்துச் சதை ஒரு திசையைக் கொடுத்தது.
சண்டை என்றால் வலப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வேன்.
அதற்கு மேல் உனக்குத் தண்டனை கிடையாது.

ஒருநாள் மீசையோரம் ஒட்டிய பருக்கையை எடுக்க
விரல் வைத்தேன். கழுத்து நேரே வந்தது.
விரலை எடுத்தேன். போய்விட்டது.
வைத்தேன். வந்தது.
இரண்டு பேரும் சிரித்தோம், கொஞ்சம் பயந்தும்.
இந்த வியாதியில் அப்படி உண்டு என்றார் டாக்டர் ஷெரீன்.
எத்தனை நாள் ஒரு விரலை நம்புவீர்கள் என்றும் கேட்டார்.
ஊசிகள் நாலு தடவை. அதற்குப் பிறகு ஊசியும் தோற்றது.

மண்டையில் இரண்டு ஓட்டை,
மூளைக்குள் இரண்டு ஒயர்,
காதுக்குப் பின்னால் தோலடியில் இறங்கி
காறையெலும்புக்குக் கீழே ஒரு பேட்டரி.
படம் போட்டுக் காட்டியபோது நீ கேட்டாய்:
"எர்த் எங்க மேடம்?"
சிரித்துவிட்டு, பிறகு யோசித்து,
"அந்தப் பேட்டரிப் பெட்டிதான்" என்றார்.
எத்தனை வோல்ட்?
நாலுக்குள்தான்.
பதினோராயிரம் ஓடும் கம்பியடியில் டீ குடித்தவன்
கையெழுத்துப் போடும்போது உன் பேனா நடுங்கியது.

மொட்டைத் தலையில் இரும்புச் சட்டம் திருகி
உன்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.
கதவு மூடும்வரை நான்
ஸ்ட்ரெச்சரின் இடப்பக்கமே நடந்தேன்.

கார்த்திகையில் பேட்டரியை முடுக்கினார்கள்.
ஒன்றும் ஆகவில்லை.
மாதம் ஒருமுறை ரிமோட்டை வைத்து ஏற்றி இறக்கினார்கள்.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் திறக்கிற வேகத்தில்
பங்குனியில் முகம் நேரே வந்தது.
பிறகு நீ நேரே பார்த்தாய்.
டிவியை, தெருவை, கம்பத்துக் கம்பிகளை.
நான் இடப்பக்கம் தட்டோடு இருந்தேன்.
"எங்கடி இருக்க?" என்று
அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தாய்.

ஐப்பசி மழை. சனிக்கிழமை கரண்ட் போனது.
ஞாயிறு நெஞ்சில் சார்ஜர் வைக்க வேண்டிய நாள்.
இடுப்பளவு தண்ணீரில் நீ செக்‌ஷனுக்குப் போய்
ஊரார் புகாரெல்லாம் எழுதிக்கொண்டிருந்தாய்.
புதன் இரவு, மெழுகுவத்தி வெளிச்சத்தில்,
மோவாய் மெல்ல நகர்ந்தது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
கன்னத்தில் விரல் வைத்தேன்.
பழைய இடம். விரலுக்கு வழி தெரிந்திருந்தது.
"எடுத்துடாத" என்றாய்.
தோள் மரத்துப்போகும்வரை வைத்திருந்தேன்.
அந்த இரவு எனக்குப் பிடித்திருந்தது
என்பதை உன்னிடம் சொல்லவில்லை.

விடியலில் ஃபேன் சுற்றியது.
எந்த ஃபீடர் என்று முணுமுணுத்தபடி
சார்ஜரை மாட்டிக்கொண்டாய்.

மறுநாள் ராத்திரி, கழுத்து நிமிர்ந்த பிறகு,
தட்டை எடுத்துக்கொண்டு எதிரே போய் உட்கார்ந்தேன்.
நீ கவனிக்கவில்லை.
ரசத்தை ஊற்றிக்கொண்டே
தலையை நீயாகத் திருப்பி
இடப்பக்கம் பார்த்தாய்.
காலிப் பாய்.

யோவ், இங்க.